தாய்மாமன் மடி சாயல்குடியில் இருந்தது

சைக்கிள் பயணம் போன செண்பகராமன் பதினோராம் நாள் காலையில் வீடு திரும்பியபோது, மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கைகள், ஹேண்டில்பார், அதன் நடுவில் திருகி வைத்த கேமரா, முன்சக்கரத்தில் ஒரு பாதி, இவ்வளவுதான் வந்து சேர்ந்தன. கூடவே குரலும் வந்திருந்தது. கேமராவில் பதிவானது அவ்வளவுதான்.

தென்காசியில் இது வழக்கம்தான். கேமராவோடு சுற்றப் போகிறவர்கள் அதில் எந்த அளவுக்கு விழுகிறார்களோ அந்த அளவுக்குத்தான் வீடு திரும்புவார்கள். மீதி ஆள், கேமராவை அணைத்துவிட்டு எங்கே உட்கார்ந்தாரோ அங்கேயே தங்கிவிடுவார். கூட இருக்கிறவர்கள் யார் அதில் விழுந்தாலும் அவர்களுக்கும் இதே கதிதான். அதில் விழவே விழாதவர்கள் பழையபடி முழுசாக வருவார்கள். தபால்காரர் மாடசாமி இருபத்தெட்டு வருஷமாக சைக்கிள் மிதிக்கிறார். தினமும் சாயங்காலம் முழு ஆளாக வந்து, முழு ஆளாக நின்று பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்குகிறார். அவரை எவன் மதிக்கிறான்? அவருக்குத்தான் ஒரு சந்தாதாரர்கூடக் கிடையாதே.

செண்பகராமனின் அக்கா உலகம்மாள் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். தம்பியின் கைகளை ஒரு தடவை பார்த்தாள். வெயிலில் கறுத்து, நகம் வளர்ந்து கிடந்தன.

"மடி எங்கல?" என்றாள்.

"வணக்கம் நண்பர்களே," என்றது குரல். அப்படித் தொடங்காமல் அதற்குப் பேச வராது. 'வணக்கம்' என்று சொன்ன உடனே வலது கட்டைவிரல் தானாகப் போய் கேமராவின் பொத்தானை அமுக்கும். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கும். உலகம்மாள் அதன் எதிரே விழுந்து தொலைக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து நின்று, கையை நீட்டி அதை அணைத்தாள்.

"யக்கா, தனுஷ்கோடி செம வியூ," என்றது குரல். எதிர்காற்றும் கூடவே பதிவாகியிருந்ததால் பாதிப் பேச்சு புஸ்ஸென்று போய்விட்டது. "தலையும் நெஞ்சும் அங்கனதான் இருக்கு. கடலப் பாத்துக்கிட்டு."

"தல கெடக்கட்டும். அது இங்கன இருந்தப்ப மட்டும் என்னத்தக் கிழிச்சுது? நான் மடியக் கேக்கேன். வெள்ளிக்கிழம புள்ளைக்குக் காது குத்து. மறந்துட்டியா, மூதி?"

கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டன. மறந்துதான் போயிருந்தன.

அது சும்மா மறந்துவிட்டுப் போகிற காரியமில்லை. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். உலகம்மாளுக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருத்தன். இவர்களின் அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் உலகம்மாளுக்கும் செண்பகராமனுக்கும் பக்கத்து வீட்டு மளிகைக்கடைக்காரர் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். அந்த மனுஷனும் போகிற வருகிற இடத்திலெல்லாம், "இதுக ரெண்டுக்கும் என் மடிலதான் காது குத்து" என்று சொல்லியே தீர்த்தார். அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மருகினாள். தன் பிள்ளைக்கு மாமன் மடி உண்டு என்ற ஒன்றுதான் உலகம்மாளின் பெருமை. இவன் மடி இல்லையென்றால் நாத்தனார் பேச்சியம்மாள் தன் பக்கத்து ஆள் யாரையாவது கூட்டிவந்து உட்காரவைத்துவிடுவாள். பிறகு ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

"மடிய எங்க வச்சேன்னு ஞாபகம் இருக்கால?"

"ஞாபகமெல்லாம் தலைல இருக்குக்கா. தல தனுஷ்கோடில இருக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் 'பொதிகைச் சக்கரங்கள்' கிளப்பில் பயணப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். டயர் கடை மாடியில் கிளப். உலகம்மாள் மூன்று வயது மகள் குழல்மொழியைக் கணவனிடம் விட்டுவிட்டு அங்கே போனாள். அறையில் இருபத்து நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றைத் தவிர ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு ஜோடிக் கைகள் இருந்தன. பாதிக்கு மேல் விரல்நுனி வெட்டிய கையுறை போட்டிருந்தன. முழு ஆள் என்று பார்த்தால் உலகம்மாள் ஒருத்திதான்.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றன பச்சைக்கல் மோதிரம் போட்ட கைகள். அவர்தான் தலைவர் சைலப்பன். அவருடைய மீதி நாலு வருஷமாக மூணாறில் இருக்கிறது. குளிருக்குப் பழகிவிட்டதாகக் கேள்வி.

படம் ஓடியது. ரோடு வந்தது. பிறகு ரோடு வந்தது. ஒரு லாரி முந்திக்கொண்டு போனது. அதற்கு எல்லாக் கைகளும் தட்டின. தட்டுவதில் அந்தக் கிளப்பை மிஞ்ச ஆளில்லை, கையைத் தவிர வேறெதுவும் அங்கே வருவதில்லையே. மறுபடி ரோடு வந்தது. ரோட்டைப் பார்ப்பதற்கு இவர்கள் ரோட்டுக்கே போயிருக்கலாமே என்று உலகம்மாள் நினைத்தாள். போய்விட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அப்புறம் ஞாபகம் வந்தது.

நாலாம் நாள் படத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. இரண்டு பக்கமும் பனை. இடப்பக்கம் ஓலைப்பந்தல் போட்ட ஒரு நுங்குக்கடை தெரிந்தது. அதுவரை சக்கரத்தின் நிழல் இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் அது வலப்பக்கம் போய்விட்டது.

"நிப்பாட்டுங்க," என்றாள் உலகம்மாள். "காலைல இருந்த நெழல் சாயங்காலத்துக்குத் தாவிட்டு. நடுவுல ஒரு மத்தியானத்தக் காணும்."

கைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"தெரியாத மாதிரி வெட்டி ஒட்டியிருந்தோம்," என்றார் சைலப்பன். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

"அங்கன கார்டு நெறஞ்சு போச்சுக்கா," என்றது செண்பகராமனின் குரல். "அணைச்சிட்டு மாத்தினேன். அது கை செஞ்ச வேலைல்லா, கைக்கு ஞாபகம் இருக்கு."

"எந்த ஊரு?"

"சாயல்குடிக்கு முன்னால."

பத்து நாள் ஊர் சுற்றியதில் அவன் உட்கார்ந்து இளைப்பாறியது அந்த ஒரு மத்தியானம்தான். கேமராவில் விழாத அதைத்தான் தடம் தெரியாமல் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். உலகம்மாள் எழுந்து வந்துவிட்டாள். பின்னால் கைதட்டல் மறுபடி தொடங்கியது. இன்னொரு லாரி போயிருக்கும்.

புதன்கிழமை தூத்துக்குடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ராமநாதபுரம் பஸ் என்று ஏறி இறங்கி, மத்தியானம் அந்த ஓலைப்பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தாள். மடி அங்கேதான் இருந்தது. கோரைப்பாயில், இடுப்பு முதல் பாதம் வரை, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. போகும்போது போட்டிருந்த இறுக்கமான சைக்கிள் டவுசரைப் பார்க்கச் சகிக்காமல் யாரோ அதற்கு ஒரு எட்டு முழ வேட்டியைக் கட்டிவிட்டிருந்தார்கள். அதில் ஒரு மொட்டைப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. எதிரே இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் மொட்டைப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றன. அந்தப் பக்கத்து மாமன்மார் எல்லாம் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். இப்படி ஒரு மடி சும்மா கிடந்தால் விடுவார்களா?

கடைக்காரி சண்முகக்கனி அரிவாளால் நுங்கைச் சீவிக்கொண்டே கேட்டாள். "பிள்ளைய எங்கக்கா? வரிசையில நிக்கணும்ல?"

"நான் பிள்ள கொண்டாரல. நான் அக்காக்காரி. அது எந்தம்பி மடி."

"அப்படியா? உக்காருங்க, நுங்கு சாப்பிடுங்க. ஒம்பது பிள்ளைக்குக் குத்தியாச்சுக்கா. இம்புட்டுகூட அசைவு கிடையாது. பிள்ளைக அழுதா லேசா ஆட்டிவிடும். தங்கமான மடி. தம்பி வீட்டுக்கு நல்லபடியா வந்துட்டாகளா?"

"கை வந்துட்டு," என்றாள் உலகம்மாள்.

அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேட்டி விலகிய இடத்தில் வலது முழங்காலில் பழைய தழும்பு தெரிந்தது. ஆறாம் வகுப்பில் வாடகை சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டு, சாக்கடையில் விழுந்து வாங்கிய தழும்பு. அன்றைக்கு எந்தக் கேமராவும் இல்லை. அவன் முழுசாக அழுதான், முழுசாக வீட்டுக்கு வந்தான். உலகம்மாள் அந்தத் தழும்பைத் தொட்டாள். மடி லேசாக அவள் பக்கம் சாய்ந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோட்டிப் பயலே, இவ்வளவு நல்ல மடியை வைத்துக்கொண்டா ஊர் ஊராகக் கையை மட்டும் கூட்டிக்கொண்டு அலைகிறாய் என்று நினைத்தாள். சொல்லவில்லை. கேட்பதற்குக் காது தனுஷ்கோடியில் அல்லவா இருந்தது.

சண்முகக்கனி மடியைக் கொடுக்க ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை காலையில் அங்கே நாலு பிள்ளைகளுக்கு நாள் குறித்திருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காது குத்து முடிந்த கையோடு, தென்காசியிலிருந்து நேராக வருகிற ஒன்றரை மணி பஸ்ஸில் மடியை ஏற்றி அனுப்பிவிட வேண்டும்.

"அதெப்படி அனுப்பாம இருப்பேன்? பிள்ளைகளுக்குச் சொன்ன வாக்குல்லா," என்றாள் உலகம்மாள்.

வியாழக்கிழமை மடியோடு திரும்பினாள். ஜன்னலோரமாக உட்காரவைத்தாள். பஸ்ஸில் கூட்டம். நின்றவர்கள் ஒவ்வொருவராக, "மடில இந்தப் பைய வச்சுக்கிடலாமாம்மா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார்கள். திருநெல்வேலி வருவதற்குள் இரண்டு துணிப்பை, ஒரு பலாப்பழம், யாருடைய பிள்ளை என்று தெரியாத ஒரு பிள்ளை என்று மடி நிறைந்துவிட்டது. மடி என்று ஒன்று இருந்தால் ஊரார் சுமை வரத்தான் செய்யும். அது எதற்கும் முகம் சுளிக்கவில்லை. முகம் அதனிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் கைகளையும் மடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். நடுவில் வயிறும் நெஞ்சும் இல்லாததால் இரண்டும் ஒட்டவில்லை. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவர்கள் போலச் சும்மா இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து வலது கை மெதுவாக வந்து வேட்டியின் கரையைத் தடவிப் பார்த்தது. உலகம்மாள் சந்தோஷப்படப் பார்த்தாள்.

"யக்கா, இத வச்சு ஒரு தம்ப்நெய்ல் எடுத்துக்கிடட்டா?" என்றது குரல்.

"செருப்பு பிஞ்சிரும். நாளைக்குக் கேமராவுல ஒரு சொட்டு வெளிச்சம் பட்டுது, அந்தக் கை ரெண்டையும் அடுப்புல வச்சிருவேன். கேட்டியா?"

கேமராவின் திருகாணியைக் கழற்றப் பார்த்தாள். கடல் உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டது, அசையவில்லை. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு வரக் கைகளுக்கும் மனமில்லை. ஆகவே ஒரு மஞ்சள் துணியை எடுத்து கேமராவின் முகத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயிலில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. குழல்மொழிக்கு மொட்டை போட்டு, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசினார்கள். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து மடியை உட்காரவைத்தார்கள். குழந்தை அதைப் பார்த்ததும், "மாமா!" என்று ஓடிவந்து ஏறிக்கொண்டது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தேவைப்படவில்லை. முழங்கால்களின் மேல் ஹேண்டில்பாரைக் குறுக்கே வைத்தார்கள். இடது கை பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது. வலது கை தலையைத் தாங்கியது. பேச்சியம்மாள் வந்து முன்னும் பின்னும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"மடி தம்பியோடதுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"தழும்பு இருக்கு, பாத்துக்கிடுங்க மதினி," என்றாள் உலகம்மாள். அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் தம்பி மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கையும் மடியும் வந்திருக்கின்றன, பிள்ளைக்கு இது போதும், மனுஷனில் இதற்கு மேல் எவன் கொண்டுவருகிறான் என்று நினைத்தாள். சீர்த்தட்டுகளை எடுத்துவர வண்டிப் பக்கம் போனாள்.

அந்த நேரத்தில்தான் ஆசாரி தங்கப்பன் ஊசியை எடுத்தார். ஊசியைப் பார்த்ததும் குழந்தைக்கு அழுகை வந்தது, மூக்கு ஒழுகியது. துடைக்கத் துணி தேடிய பேச்சியம்மாள், கைக்கெட்டிய மஞ்சள் துணியை அவிழ்த்துத் துடைத்துவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். வாழ்நாளில் ஒரு தடவை நல்ல மனசோடு செய்தாள், அதுவும் இதைச் செய்தாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் கூடியிருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லி உத்தரவு கேட்காமல் ஊசியை வைக்க மாட்டார்கள்.

"மாமன்காரன் உத்தரவு கேக்கணும்லா?" என்றார் ஆசாரி.

"கேளும் மச்சான்," என்றான் உலகம்மாளின் கணவன் சங்கரசுப்பு.

"வணக்கம்," என்றது குரல். "எம் மருமவளுக்குக் காது குத்துதோம். எல்லாரும் உத்தரவு தரணும்."

அவ்வளவு மரியாதையாக, ஒரு காற்றுச் சத்தமும் இல்லாமல், அவன் அதுவரை பேசியதே கிடையாது. எல்லோரும் உத்தரவு கொடுத்தார்கள். கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது.

கேமரா பிள்ளையின் காதுக்கு நாலு விரற்கடை தள்ளி இருந்தது. வலது காதைக் குத்தினார்கள். வலது கை தலையைப் பதமாகத் திருப்பிக் கொடுத்தது, இடது காதைக் குத்தினார்கள். குலவை போட்டார்கள். உலகம்மாள் தட்டோடு வந்தபோது மடி பிள்ளையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாரின் நடுவில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். விளக்கை அணைத்தாள். இலையில் பாயசத்தை ஊற்றி வாழைப்பழத்தைப் பிசைந்து, மடியில் இருந்த பிள்ளைக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வழக்கத்தைவிட அதிகமாகவே ஊட்டினாள். அழுத களைப்பில் பிள்ளை தின்றபடியே தூங்கிவிட்டது.

ஒன்றரை மணி பஸ்ஸுக்கு நேரமானது. பிள்ளை உட்கார்ந்திருந்த இடம் மடி, மடியோ சாயல்குடிக்கு வாக்குக் கொடுத்தது. சங்கரசுப்பு மடியைத் தூக்கிக்கொண்டு போய், தூங்குகிற பிள்ளையோடு ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டு வந்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்று கண்டக்டர் சொன்னாராம். ஆசாரி தங்கப்பனின் இரண்டு விரல்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மீதி ஆசாரி மரத்தடியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

உலகம்மாள் வீட்டுக்கு வந்தாள். கூடவே குழல்மொழியின் இரண்டு காதுகளும் வந்தன, சிவப்புக்கல் கம்மலோடு. ஒரு அழுகையும் வந்தது, கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்தது.

கைகள் கூடத்தில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. "யக்கா, குளோசப் எப்படி விழுந்திருக்கு பாத்தியா? கல்லுல மரம் தெரியுது," என்றது குரல். வாட்ஸப்பில் கிளப்பிலிருந்து இருபத்திரண்டு பேர் கைதட்டல் அனுப்பியிருந்தார்கள். பேச்சியம்மாளும் ஒன்று அனுப்பியிருந்தாள்.

உலகம்மாள் அடுப்பில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, மஞ்சளைக் குழைத்து, ஆறவைத்து எடுத்துவந்தாள். தலையணையில் இரண்டு காதுகளையும் வைத்து, தோடு போட்ட இடத்தில் பஞ்சால் தொட்டுத் தொட்டு வைத்தாள். பிறகு குனிந்தாள்.

"ஏ தாயி, அம்மா பேசுதேன். காலைல மொத வண்டிக்கு வாரேன். அது வரைக்கும் மாமா மடிய விட்டு எறங்காம இரு, என்னா? அந்த அத்த நுங்கு தந்தா வாங்கித் தின்னு," என்று இடது காதில் சொன்னாள்.

வலது காது அந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது. அதைத் தன் பக்கம் திருப்பி, சொன்னதை எல்லாம் அதிலும் ஒரு தடவை சொன்னாள்.